நாலாம் ரூம், மைனஸ் பதினெட்டு

திருடனைப் பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மாதம் ஒரு பொய் சொல்ல வேண்டும்.

தொழில் என்று சொன்னாலே அம்மா சிரிப்பாள். இணையத்தில் கிடக்கும் விசித்திரங்களைப் பொறுக்கியெடுத்து தினம் ஏழெட்டுத் துணுக்குகளாக எழுதிப் போடுவதுதான் என் வேலை. பக்கத்தின் பெயர் 'வேண்டாத சரக்கு'. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், கதாநாயகன் கடைசிவரை முகத்தையே காட்டாத ஒரு பழைய காமிக்ஸ், ஃபிரிட்ஜ்களின் உறுமலை மட்டும் பதிவுசெய்து சேர்க்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர், இந்த மாதிரி. யாருக்கும் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லாத விஷயங்கள். இதைப் படிக்கவும் ஆள் இருக்கிறார்கள், விளம்பரமும் வருகிறது, எங்கள் வீட்டில் அடுப்பும் எரிகிறது.

நான் கண் வலிக்கத் தேடி எழுதியதை ஒருத்தன் மறுநாளே தன் பக்கத்தில் அப்படியே போட்டுவிடுவான். என் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த மாட்டான். எங்கள் வீட்டில் அவனுக்கு ஈயடிச்சான் என்று பெயர், என் தம்பி வைத்தது. மூலத்தில் ஈ செத்து ஒட்டியிருந்தால் தானும் ஒரு ஈயை அடித்து ஒட்டுகிற ஜாதி. அவனுக்கு என்னைவிடப் பத்து மடங்கு வாசகர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் மாதம் ஒரு பொய். நிஜத் துணுக்குகளுக்கு நடுவில், உலகத்திலேயே இல்லாத ஒன்றை நானே கட்டி எழுதிச் செருகிவிடுவேன். அதற்குக் கண்ணி என்று பெயர். அவன் அதையும் சுட்டுப் போட்டால் ஆள் அகப்பட்டான். மாதக் கடைசியில், 'இது என் கற்பனை, இந்தப் புண்ணியவானுக்கு எங்கே கிடைத்தது?' என்று போட்டு உடைத்து மானத்தை வாங்கலாம். கண்ணிக்கு ஒரே ஒரு விதி. உயிரோடு இருக்கிற யாருக்கும் அதனால் தொந்தரவு வரக் கூடாது.

அந்த மாதம் நான் வைத்த கண்ணி இது. என்றோ மூடிப்போன ஓர் ஆராய்ச்சிக்கூடம். அதன் எண்ணுக்குப் போன் செய்தால் இன்றைக்கும் ஓர் இயந்திரம் எடுக்கும், ஆளில்லாத அந்த அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். கதை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எண் கொடுக்காவிட்டால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். யாருடைய எண்ணையாவது போட்டுவிட்டு ஊர்ப் பாவத்தைக் கொட்டிக்கொள்ளவும் முடியாது. செத்துப்போன எண் என்று நிச்சயமாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எங்கள் பழைய வீட்டு லேண்ட்லைன். அந்த வீட்டையே இடித்தாயிற்று. போனை நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். கம்பியை வெட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் போட்டேன். டிகிரிக்கு இருபத்தாறு என்று எழுதினேன், ஏனென்றால் மேசையில் கிடந்த ஏசி ரிமோட்டில் அப்போது அதுதான் இருந்தது.

டிகிரி என்ற யோசனையே எனக்குத் தம்பியால் வந்தது. அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். மீன், பழம், ஐஸ்கிரீம் எல்லாம் வைக்கிற பெரிய பெரிய இரும்பு அறைகள். மெக்கானிக் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்து, ஆபீசுக்குப் போனில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த அறை, எத்தனை டிகிரி, கதவு எப்படி. "ரெண்டாம் ரூம். மைனஸ் நாலு. கதவு மூடியிருக்கு." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பழைய வீட்டில் இருந்த காலத்தில், வேலை முடிந்து தெருமுனைக்கு வந்ததும் லேண்ட்லைனுக்கு அடிப்பான். "வீடு. முப்பத்திரெண்டு. கதவு?" என்று நிறுத்துவான். நான் "திறந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். போய்த் தாழ்ப்பாளை எடுத்து வைக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கோபமாக இருந்தால் "மூடியிருக்கு" என்பேன். தம்பி ஐயா தெருவில் நின்று கெஞ்சிக் கூத்தாடுவார். செல்போன் வந்த பிறகும் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

அந்தத் தம்பியைத்தான் காணோம்.

கிடங்கின் முதலாளிகள் இரண்டு பேருக்குள் சண்டை முற்றி, கோர்ட்டு உத்தரவில் சரக்கோடு சேர்த்துக் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். சரக்கு கெடக் கூடாது என்று மின்சாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அன்றைக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. செல்போன் அணைந்து கிடந்தது. போய்க் கேட்டால் பெரிய முதலாளி, கிடங்கு மூடுகிறது என்றதும் பையன் கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான், பையைத் தூக்கிக்கொண்டு போனதை ஆட்கள் பார்த்தார்கள் என்றார். இவனும் கப்பல் கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே பாவி என்று மழைக்காலம் முழுக்க நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். அம்மா மட்டும் திட்டவில்லை. வருவான், கதவுக்குத் தாழ் போடாதே என்பாள். நான் போட்டேன்.

அவன் எனக்குக் கடைசியாக அனுப்பியது ஒரு தவளை. என் பக்கத்துக்குப் பாதிச் சரக்கு தேடித் தந்தவனே அவன்தான். பனிக் காட்டில் ஒரு தவளை இருக்கிறதாம். குளிர்காலம் வந்தால் கல்லாக உறைந்துவிடும். மூச்சு நின்றுவிடும், இதயமும் நின்றுவிடும். வெயில் வந்ததும் உருகி, ஈரத்தோடு எழுந்து தத்திப் போய்விடும். "அக்கா, இது உன் பொய் மாதிரி இல்ல, நிஜம். போடு. நாளைக்கு நாலாம் ரூம்ல கைப்பிடி வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்து இன்னும் நாலு தரேன்" என்று குரலில் பேசி அனுப்பியிருந்தான். அம்மாவுக்குத் தவளைக் கதையைப் படித்துக் காட்டினேன். அவள் அதை மறக்கவில்லை. நான் கைப்பிடியை மறந்துவிட்டேன்.

கண்ணிக்கு வருகிறேன். வைத்த மறுநாளே ஈயடிச்சான் விழுந்தான். எண், இருபத்தாறு, எல்லாம் அச்சு அசலாக. எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். அவனை எப்படி வறுக்கலாம் என்று மாதக் கடைசிக்கு வேண்டிய வாசகங்களை யோசித்துக்கொண்டிருந்தபோது, என் வாசகி ஒருத்தி, கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எழுதியிருந்தாள். அருமையான கண்டுபிடிப்பு, நானும் போன் செய்து கேட்டேன், ஆனால் இருபத்தாறு இல்லை, மைனஸ் பதினெட்டு என்றது, அது மெஷின் குரலாகவும் தெரியவில்லை என்று.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வாசகர்கள் சும்மா இருக்கிற சாதியா? ஒருத்தர் ஒரு கதை விட்டால் ஒன்பது பேர் சேர்ந்து இழுப்பார்கள். ஆனால் அடுத்து எழுதிய லாரி டிரைவரும் மைனஸ் பதினெட்டு என்றார். ஒரு கணக்கு வாத்தியாரும் அதையே சொன்னார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வேறு வேறு ஊர்க்காரர்கள். நான் அந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று தொலைபேசிக் கம்பெனியின் பெண் குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அடித்தேன். அதே பெண், அதே வாக்கியம்.

அப்புறம் ஈயடிச்சானே என்னைக் கூப்பிட்டான். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. எடுத்த எடுப்பில் கிழிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அவன் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். பயந்துபோயிருந்தான்.

"மேடம், உங்ககிட்டேருந்துதான் எடுத்தேன், ஒத்துக்கறேன். அது எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க. என் வாசகருங்க ஆயிரக்கணக்குல கூப்பிடறாங்க. எல்லாருக்கும் ஒரே ஆளு எடுக்கறான்."

"என்ன சொல்றான்?"

"நாலாம் ரூம். மைனஸ் பதினெட்டு. கதவு மூடியிருக்கு. அவ்வளவுதான் மேடம். ஆனா சொல்லிட்டு வைக்க மாட்டேங்கறான். நாம ஏதோ பதில் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கான். பல்லு தந்தியடிக்கிற சத்தம் கேக்குது."

நாலாம் ரூம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கதவைப் பற்றியும் எழுதவில்லை. அவன் 'ஹலோ ஹலோ' என்று கூவிக்கொண்டே இருந்தான்.

அம்மா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள், தன் போனை எடுத்தாள், பழைய வீட்டு எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள். காதில் வைத்த மாத்திரத்தில் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிடுங்கி என் காதில் வைத்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை.

"என் புள்ளடி," என்றாள் அம்மா. "நல்லா இருக்கான். எங்கயோ குளிர்ற இடத்துல இருக்கான். நான்தான் சொன்னேனே."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெட்டிய கம்பியில் பேசுகிறவன் எந்தக் கப்பலிலும் இல்லை. அம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கைப்பிடி வேலை என்றானே. உள்ளே மாட்டிக்கொண்டவன் கதவைத் தள்ளித் திறப்பதற்கு அந்த அறைகளில் உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். நாலாம் ரூமில் அது உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் அவன் உள்ளே போனான்.

கோர்ட்டில் போய், இடித்துப்போன வீட்டு போனில் தம்பி பேசுகிறான் என்று சொன்னால் என்னைத்தான் எங்காவது வைத்துப் பூட்டுவார்கள். அதனால் கைப்பிடியை மட்டும் சொன்னேன். தம்பியின் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். வக்கீல் முகம் மாறியது. மனுப் போட்டார், ஆனால் முதலாளிகள் இரண்டு பேரும் ஜென்மத்தில் முதல் முறையாக ஒற்றுமையாகி, திறந்தால் சரக்கு கெட்டுவிடும் என்று எதிர்த்தார்கள். அந்த இடத்தில்தான் ஈயடிச்சான் உதவினான். விஷயத்தை மறைக்காமல் தன் பக்கத்தில் போட்டான். அதைப் பார்த்து அத்தனை ஆயிரம் பேரும் கோர்ட்டுக்கு எழுதினார்கள். நீதிபதி திறக்கச் சொல்லிவிட்டார். திருட்டுப் பயல் என்று அதற்குப் பிறகு அவனை நான் சொன்னதில்லை.

திறக்கப் போனது நான், அவன், வக்கீல், சீல் வைத்த கோர்ட்டு அமீனா. நல்ல வெயில். நாலாம் ரூம் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மைனஸ் பதினெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது. சீல் வைத்த அன்று உள்ளே பார்த்தீர்களா என்று அமீனாவைக் கேட்டேன். பாவம், நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"எட்டிப் பாத்தேம்மா, பெட்டியாத்தான் அடுக்கியிருந்துச்சு, மெஷின் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல. கதவு லேசாத் திறந்து கிடந்தது. கரண்டு வீணாப் போகுதேன்னு நான்தான் இழுத்துச் சாத்தினேன்."

அவரே அரக்கை உடைத்தார்.

தம்பி கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தான். கழற்றிய கைப்பிடியின் பாகங்களை ஒரு துணிமேல் வரிசையாக வைத்திருந்தான், ஒரு திருகாணி சிதறவில்லை. மடியில் செல்போன். அந்த இரும்புச் சுவருக்குள் டவர் கிடைக்காது. இமையெல்லாம் வெள்ளை. கோபமோ பயமோ முகத்தில் இல்லை, யாரோ எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும் முகம். டேய் டேய் என்று கத்தியது என் குரல் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஈயடிச்சான் வெளியே ஓடினான். பிறகு என்ன தோன்றியதோ, அங்கேயே நின்று அந்த எண்ணை அடித்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"மேடம், மாத்திச் சொல்றான். நாலாம் ரூம், மைனஸ் பதினொண்ணு, கதவு திறந்திருக்குங்கறான்."

நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே மைனஸ் பதினொன்று.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் முடிக்க வேண்டியதை முடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அம்மா அருகில் வந்து பார்த்தாள், தலையை வருடிவிட்டாள், அழவில்லை. மண்ணுக்குள் இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். கம்பியை வெட்டியதைப் பார்த்த அதே கண்ணால்.

ஆனால் வாசகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அறை எண்ணைச் சொல்வதில்லையாம், வெறும் டிகிரி மட்டும்தானாம். மைனஸ் மூன்று. பூஜ்யம். நாலு. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அம்மா காலையிலும் மாலையிலும் அடித்துக் கேட்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சொல்வதுபோல் என்னிடம் சொல்வாள், "ஒம்பது ஆயிடுச்சுடி." போதும்மா, அவன் போய்விட்டான் அம்மா என்று ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் என்னைத்தான் பாவமாகப் பார்த்தாள்.

"நீதானே படிச்சுக் காட்டினே? அந்தத் தவளைக்கும் நெஞ்சு நின்னுதானே போச்சு?"

தவளை நிஜம். என் கண்ணி மாதிரி இல்லை, அது நூற்றுக்கு நூறு நிஜம்.

மாதக் கடைசி வந்தது. கண்ணியைப் போட்டு உடைக்க வேண்டிய நாள். இந்த எண் என் கற்பனை, அப்படி ஓர் அறை இல்லை, யாரும் கூப்பிடாதீர்கள் என்று எழுதி வைத்தேன். நம்பினவர்களுக்குத்தான் அவன் எடுக்கிறான் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டவள் நான், எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் என் காதில் அந்தக் கம்பெனிக்காரி. பொய் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நம்பிக்கை போய்விடும், அவனும் நிம்மதியாகப் போய்விடுவான். அம்மா என்னை மன்னிக்க மாட்டாள், பரவாயில்லை. பகல் வெளிச்சத்தில் மேசைமுன் உட்கார்ந்து அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனேன்.

கூடத்திலிருந்து அம்மா, "துவட்டத் துண்டு எடுத்து வச்சிருக்கேன். ஈரமா வருவான்" என்றாள்.

என் போன் அடித்தது. திரையில் பழைய வீட்டு எண். அதற்கு நான் 'வீடு' என்று பெயர் போட்டு வைத்திருந்தேன், அழிக்க மனம் வரவில்லை. 'வீடு அழைக்கிறது' என்று வந்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். மழைக்காலம் முழுக்கத் திட்டின வாய், எடுக்காமல் இருக்குமா?

கம்பெனிக்காரி இல்லை. தெருச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் மணி, யாரோ ஷட்டர் இழுப்பது, எங்கள் பழைய தெருமுனையின் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என் தம்பி, அவசரமே இல்லாமல்:

"வீடு. இருபத்தாறு. கதவு?"

மேசையில் கிடந்த ரிமோட்டில் இருபத்தாறு. என் கை அந்தப் பொத்தான்மேல் இருந்தது. மூடியிருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதுதான் சரி. மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவனுக்குக் கதவு திறக்கக் கூடாது என்று எந்தப் பைத்தியத்துக்கும் தெரியும். ஆனால் அவன் காத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் பதில் சொல்லாமல் அவன் ஏற்கெனவே ஒருமுறை காத்திருந்தாகிவிட்டது.

அம்மா வாசலில் நின்று தாழ்ப்பாளில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள். "சொல்லுடி," என்றாள். "தெருவுல நிக்கிறான்."

"திறந்திருக்குடா," என்றேன்.

அம்மா தாழ்ப்பாளை எடுத்தாள்.